பிறர் சேர்த்த அணியும் புதிய பயிற்சியாளரும்

கால்பந்து அணிக்குப் புதிதாகப் பொறுப்பேற்கும் பயிற்சியாளர் பெரும்பாலும் தான் தேர்ந்தெடுக்காத வீரர்களோடுதான் வேலையைத் தொடங்குகிறார். ஒப்பந்தங்கள் முன்பே கையெழுத்தாகியிருக்கும். வெளிநாட்டு வீரர்களுக்கான இடங்கள் நிரம்பியிருக்கும். சீசன் நடுவில் வருபவர் என்றால், புதிய வீரரைச் சேர்ப்பதற்கான காலக்கெடுவும் முடிந்திருக்கும். முந்தையவர் விட்டுச்சென்ற ஆட்டப் பழக்கங்கள், காயங்கள், மனத்தாங்கல்கள் எல்லாமே வீரர்களோடு சேர்ந்து அவர் கைக்கு வரும். காஞ்சிபுரத்தில் பாதி நெய்த பட்டுச்சேலையோடு ஒரு தறி கை மாறினால், புதிதாக உட்காருபவர் பாவின் நிறத்தையோ இழை எண்ணிக்கையையோ மாற்ற முடியாது. ஊடையும் அதை அடித்து இறுக்கும் கையும்தான் அவருடையவை. பயிற்சியாளரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அவர் வெல்வாரா என்று கணிக்கும்போது ரசிகர்களும் பத்திரிகைகளும் முதலில் அவருடைய பழைய வெற்றிகளைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். சென்னை அணிகளின் வரலாறும் இந்திய அணியின் வரலாறும் காட்டுவது வேறு. முந்தைய தோல்விக்கு வீரர்களின் தரக்குறைவு காரணமா, அவர்களைப் பயன்படுத்திய முறை காரணமா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும். அதைப் பிரிக்காமல் எந்தப் பயிற்சியாளரையும் அளக்க முடியாது.

வீரர்களைத் தேர்வுசெய்யும் உரிமை தொடக்கத்தில் பயிற்சியாளரிடம் இருக்கவில்லை. இங்கிலாந்தில் பல காலம் கிளப் இயக்குநர்களின் குழுவே ஆடும் 11 பேரைத் தீர்மானித்தது. ஹட்டர்ஸ்ஃபீல்டிலும், 1925 முதல் அர்செனலிலும் பணியாற்றிய ஹெர்பர்ட் சாப்மன் போன்றவர்கள்தான் அந்த அதிகாரத்தைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். வீரரை வாங்குவது, விற்பது, ஆட்டமுறையை வகுப்பது ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்த 'மேனேஜர்' பதவி அப்படித்தான் உருவானது. இந்தியாவில் அந்த மாற்றம் முழுமையாக நடக்கவே இல்லை. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் வீரர்களைப் பேசி முடிப்பது கிளப் நிர்வாகிகளின் வேலையாகவே நீடித்தது. பயிற்சியாளர் அதற்குப் பிறகு வந்து, கொடுத்ததைக் கொண்டு ஆடவைப்பார்.

சென்னையில் இந்த நிலை இன்னும் இறுக்கமாக இருந்தது. நகரத்தின் லீக்கில் நெடுங்காலம் ஓங்கி நின்றவை ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை போன்ற நிறுவனங்களின் அணிகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கப்பட்ட வீரர் அந்த நிறுவனத்தின் நிரந்தர ஊழியர். ஆட்டம் தளர்ந்தாலும் அவர் வேலை தளராது. அவரை விற்று வேறொருவரை வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. புதிய இடம் உருவாகும் ஆண்டில் மட்டுமே புதிய வீரர் வருவார். இப்படிப்பட்ட அணிக்கு வரும் பயிற்சியாளர் பல ஆண்டுகளுக்கு அதே முகங்களோடுதான் வாழ வேண்டும். ஒருவரை வேறு இடத்தில் ஆடவைப்பது, வயதானவரின் ஓட்டத்தைக் குறைத்து அனுபவத்தைப் பயன்படுத்துவது, இளையவருக்கு மெல்ல மெல்ல இடம் கொடுப்பது ஆகியவையே அவருடைய கருவிகள். பணம் புழங்கிய கிளப்புகளின் கதைகளுக்குக் கிடைத்த கவனம் இந்தத் துறை அணிகளின் பயிற்சியாளர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. கொடுத்த வீரர்களைக் கொண்டு ஆடும் கலை தமிழ்நாட்டில் அவர்களிடம்தான் வளர்ந்தது. தேசிய லீக் வரை சென்று ஆடிய இந்தியன் வங்கி அணி அதற்கு ஒரு சான்று. அந்த அணியில் ஆடிப் பயிற்சியாளராகவும் இருந்த சபீர் பாஷா பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யின் பயிற்சிக் குழுவில் இடம்பெற்றதும், 2022 பிப்ரவரியில் அந்த அணி சீசன் நடுவில் தடுமாறியபோது இடைக்காலப் பொறுப்பை ஏற்றதும் தற்செயலாக நடந்தவை அல்ல.

தேசிய அணியின் பயிற்சியாளருக்கு வீரரைத் தேர்வுசெய்யும் உரிமை ஓரளவு உண்டு, வீரரை உருவாக்கும் உரிமை இல்லை. கிளப்புகள் வளர்த்துத் தருபவர்களையே அவர் ஏற்க வேண்டும். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை வளர்த்த சையது அப்துல் ரஹீம் 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை கொண்டுசென்றார். கையில் இருப்பவர்களை இடம் மாற்றி ஆடவைப்பதில் அவருக்கிருந்த துணிவு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தெரிந்தது. முதல் போட்டியில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்ற அணி அது. தொடரின் நடுவில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. மாற்று வீரர்கள் குறைவு. ரஹீம் அவரை வெளியே உட்காரவைக்கவில்லை, முன்வரிசையில் நிறுத்தினார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதிப்போட்டியில் அதே தென்கொரியாவை இந்தியா 2–1 என வென்றது. கோல் அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும். தொடரின் முந்தைய போட்டிகளில் பிரத்யுத் பர்மனுக்கு வாய்ப்புத் தந்த ரஹீம், இறுதியில் பீட்டர் தங்கராஜை கோல் காக்கவைத்தார்.

1963 ஜூனில் ரஹீம் காலமானார். அடுத்த ஆண்டு இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியாவை அழைத்துச் சென்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாரி ரைட். சுனி கோஸ்வாமி தலைமையிலான அந்த அணியின் அடித்தளம் ரஹீமுடையது. தென்கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்று, இஸ்ரேலிடம் மட்டும் தோற்று, இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. ஆசியக் கோப்பையில் இந்தியாவின் மிகச் சிறந்த முடிவு இன்றும் அதுதான். ஆனால் அதில் ரைட்டின் பங்கு எவ்வளவு, ரஹீம் ஊட்டிய பழக்கங்களின் பங்கு எவ்வளவு என்பது முடிவுப் பட்டியலிலிருந்து தெரியாது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் சுற்றோடு வெளியேறியபோதுதான் அந்த அடித்தளம் எவ்வளவு விரைவில் கரைந்தது என்பது புலப்பட்டது. தோற்ற அணியை ஏற்பவரின் வேலை வெளியே தெரியும். வென்ற அணியை ஏற்பவரின் வேலை அப்படித் தெரிவதில்லை.

இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) முதல் சீசன் 2014 அக்டோபர் 12 அன்று தொடங்கி டிசம்பர் 20 அன்று முடிந்தது. முதல் மூன்று சீசன்களும் இப்படி இரண்டரை மாதச் சுருக்கத்தில் நடந்தன. இந்திய வீரர்களில் பலர் மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கிளப்புகளிலிருந்து இரவலாக வந்து, சீசன் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். ஆண்டுதோறும் அணி கலைந்து சேர்ந்ததால், முந்தையவர் விட்டுச்சென்ற அணி என்ற பிரச்சினையே அங்கு எழவில்லை. சென்னையின் எஃப்.சி.க்கு அந்த மூன்று ஆண்டுகளும் இத்தாலியின் உலகக் கோப்பை நாயகன் மார்கோ மட்டராசியே பயிற்சியாளர். அவர் காலத்து நிகழ்வு ஒன்று இந்த விஷயத்துக்கு மிகவும் பயன்படுகிறது. 2015 சீசனில் 10 போட்டிகள் முடிந்தபோது 10 புள்ளிகளோடு சென்னை கடைசி இடத்தில் கிடந்தது. நிர்வாகம் பயிற்சியாளரை மாற்றவில்லை. எஞ்சிய 4 லீக் போட்டிகளையும் அணி வென்று மூன்றாம் இடத்துக்கு ஏறியது. டிசம்பர் வெள்ளத்தால் சொந்த மைதானத்தில் ஆடவேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாறியது. அங்கும் கொல்கத்தாவை 3–0 என வென்றது. ஃபடோர்டாவில் நடந்த இறுதிப்போட்டியில், 90-வது நிமிடம் வரை 1–2 எனப் பின்தங்கியிருந்து, கோவாவை 3–2 என வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. 10-வது போட்டிக்குப் பிறகு மட்டராசியை அனுப்பிவிட்டு வேறொருவரை அமர்த்தியிருந்தால், அந்த எழுச்சி முழுவதும் புதியவரின் சாதனையாக எழுதப்பட்டிருக்கும்.

இதே ஐயத்தை நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல் எண்களால் சோதித்தார். 1986 முதல் 2004 வரையிலான டச்சு முதல்நிலை லீக் முடிவுகளை அவர் ஆராய்ந்தார். தொடர் தோல்விக்குப் பின் பயிற்சியாளரை மாற்றிய அணிகள் மேலே வந்தது உண்மை. அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் மேலே வந்திருந்தன. மிக மோசமான நாட்களில்தான் பதவிநீக்கம் நடக்கிறது. மிக மோசமான நாட்கள் எந்த அணிக்கும் நெடுங்காலம் நீடிப்பதில்லை. ஆகவே புதியவர் வந்தபின் அணி ஏறியது என்பது மட்டும் அவர் திறமைக்குச் சான்றாகாது. இதை ஏற்றுக்கொள்வது ரசிகனுக்குக் கடினம்; ஆனாலும் எந்த அளவுகோலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2017-18 முதல் ஐ.எஸ்.எல். ஐந்து மாத லீக்காக நீண்டது. பல ஆண்டு ஒப்பந்தங்கள் வந்தன. ஒவ்வொரு அணியும் சில இந்திய வீரர்களைத் தக்கவைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தேர்வு முறையில் எடுத்தது. பிறர் சேர்த்த அணியோடு பிழைக்கும் பிரச்சினை இந்திய கிளப் கால்பந்தின் மேல்தளத்தில் அப்போதுதான் முழு உருவம் பெற்றது. அந்த ஆண்டு சென்னைக்கு வந்தவர் ஆஸ்டன் வில்லாவின் முன்னாள் மேனேஜர் ஜான் கிரிகரி. முந்தைய சீசனில் 8 அணிகளில் ஏழாவதாக முடிந்த கிளப்பிலிருந்து ஜேஜே லால்பெக்லுவா, கோல்கீப்பர் கரன்ஜித் சிங், இளைஞர்களான அனிருத் தாப்பா, ஜெர்ரி லால்ரின்சுவாலா, பிரேசிலின் ரஃபேல் அகஸ்டோ ஆகியோர் அவருக்குக் கிடைத்தார்கள். எஞ்சியவர்கள் பெரும்பாலும் புதியவர்கள். அணி 32 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பெற்று, 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு எஃப்.சி.யை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என வென்று இரண்டாம் முறை கோப்பையைத் தூக்கியது. மைல்சன் ஆல்வஸ் 2 கோல், அகஸ்டோ 1 கோல்.

அடுத்த ஆண்டு அதே பயிற்சியாளர், பெருமளவு அதே அணி. 18 போட்டிகளில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். நடுக்களத்தில் தூணாக இருந்த சென்னைக்காரர் தனபால் கணேஷால் முழங்கால் காயம் காரணமாக ஆட முடியவில்லை. தற்காப்பை வழிநடத்திய கேப்டன் என்ரிக் செரெனோ போய்விட்டார். ஜேஜேயின் கோல்கள் வற்றின. பிறருடைய அணியை ஏற்பது மட்டும்தான் சிக்கல் என்று நினைப்பவர்கள் இந்தச் சீசனைக் கவனிக்க வேண்டும். கிரிகரி ஏற்றது தன்னுடைய சொந்த அணியையே. ஆனாலும் ஒரே ஆண்டில் அது வேறு அணியாகியிருந்தது. பட்டியலில் பெயர்கள் அப்படியே இருக்கலாம், கால்களும் பசியும் அப்படியே இருப்பதில்லை.

2019-20 தொடங்குமுன் கிரிகரி வெளிநாட்டு வீரர்களின் வரிசையைப் புதுப்பித்தார். லிதுவேனியாவின் முன்கள வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி, ருமேனியாவின் லூசியன் கோயன், டிராகோஸ் ஃபிர்துலெஸ்கு, ஆப்கானிஸ்தானின் மசிஹ் சைகானி ஆகியோர் வந்தார்கள். பிரேசிலின் எலி சாபியா ஏற்கெனவே இருந்தார். ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட 7 வெளிநாட்டு இடங்களும் நிரம்பின. முதல் 4 போட்டிகளில் இந்த அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 6 போட்டிகளின் முடிவில் 1 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி, 5 புள்ளி. அடித்தது 4 கோல், வாங்கியது 10. நவம்பர் இறுதியில் கிரிகரி விலகினார். டிசம்பர் 3 அன்று ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில் நியமிக்கப்பட்டார். 2009-இல் பர்ன்லியை இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு உயர்த்தியவர், பிறகு போல்டனை நடத்தியவர்.

அந்த 6 போட்டிகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால், பட்டியல் சொல்லாத ஒன்று தெரியும். மூன்று தோல்விகளும் கோவா, கொல்கத்தாவின் ஏ.டி.கே., பெங்களூரு ஆகிய அணிகளிடம் நேர்ந்தவை. சீசன் முடிவில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவை அவைதான். மும்பை, ஹைதராபாத், ஒடிசா ஆகிய அணிகளோடு ஆடிய மற்ற மூன்று போட்டிகளில் சென்னை தோற்கவில்லை. அட்டவணையின் கடினமான பகுதி கிரிகரியின் தலையில் விழுந்திருந்தது. எளிதான பகுதி காயிலுக்காகக் காத்திருந்தது. காயில் எதையும் செய்யாமல் இருந்திருந்தாலும் அணி ஓரளவு மேலே வந்திருக்கும் என்று கருதுவதே நியாயம்.

அதற்கு மேல் எவ்வளவு வந்தது என்பதுதான் அவரை அளக்கும் கேள்வி. தொடக்கம் பிரகாசமாக இல்லை. ஜாம்ஷெட்பூரில் 1–1 டிரா, கேரளா பிளாஸ்டர்ஸோடு 3–1 வெற்றி, கோவாவோடு இரண்டாம் பாதியில் 3 கோல் திருப்பியும் 3–4 தோல்வி, ஒடிசாவிடம் 0–2 தோல்வி. 4 போட்டிகளில் 4 புள்ளி. 2020 ஜனவரி முதல் வாரத்தில் இவரும் தேறமாட்டார் என்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தால் அதற்குப் புள்ளிவிவரமும் துணைநின்றிருக்கும். அதற்குப் பிறகு நடந்த 8 லீக் போட்டிகளில் சென்னை ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஹைதராபாத் 3–1, நார்த்ஈஸ்ட் 2–0, ஜாம்ஷெட்பூர் 4–1, கொச்சியில் கேரளா 6–3 என்று வரிசையாக 4 வெற்றி, பெங்களூருவோடு கோலில்லாத டிரா, ஏ.டி.கே.வோடு 3–1, மும்பையோடு 1–0, கடைசியில் நார்த்ஈஸ்ட்டோடு 2–2. 8 போட்டிகளில் 20 புள்ளி. 29 புள்ளிகளோடு நான்காம் இடமும் பிளே-ஆஃப் வாய்ப்பும் கிடைத்தன.

காயிலின் 12 லீக் போட்டிகளில் சென்னை அடித்தது 28 கோல், வாங்கியது 16. ஒரு போட்டிக்கு வாங்கும் கோல் கொஞ்சமே குறைந்தது; அடிக்கும் கோல் மூன்றரை மடங்கானது. முதல் மூன்று அணிகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் வித்தியாசம் நிற்கிறது. மற்ற அணிகளோடு கிரிகரிக்கு 3 போட்டிகளில் 5 புள்ளி, காயிலுக்கு 9 போட்டிகளில் 20. முதல் மூன்று அணிகளிடம் கிரிகரிக்குப் புள்ளியே இல்லை, காயிலுக்கு 4. அட்டவணையின் உதவியைக் கழித்தபிறகும் ஏதோ ஒன்று எஞ்சுகிறது. அது ஒரு புதிய வீரரால் வந்ததல்ல. 7 வெளிநாட்டவரும் கிரிகரி காலத்தவர்கள்தாம். அந்த அணிக்குக் குறைவாக இருந்தது கோல் அடிக்கும் திறமை அல்ல, அதைப் பயன்படுத்தும் ஒழுங்கு. வால்ஸ்கிஸ் முன்னால், அவருக்குப் பின்னால் எங்கும் உலவும் உரிமையோடு கிரிவெல்லாரோ, இரு பக்கமும் இந்திய வீரர் சாங்டேயும் ஷெம்ப்ரியும் என்ற நால்வர் வரிசை காயிலின் கீழ் நிலைத்தது. முதல் 6 போட்டிகளில் 3 கோல் அடித்திருந்த வால்ஸ்கிஸ் அதன்பின் 12 கோல் சேர்த்து, மொத்தம் 15 கோலோடு தங்கக் காலணி விருதைப் பெற்றார். கொச்சியில் அடித்த 6 கோலில் கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே மூவரும் ஆளுக்கு 2. எதிரணியின் பார்த்தலோமியூ ஓக்பெச்சே ஹாட்ரிக் அடித்தும் சென்னை கலங்காமல் ஆடியது.

நால்வரும் அவ்வளவு முன்னேறி ஆடுவதற்குப் பின்னால் இருவர் ஓட வேண்டியிருந்தது. ஒருவர் மட்டராசி காலத்திலிருந்தே கிளப்பில் வளர்ந்த அனிருத் தாப்பா. மற்றவர் நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் சிட்னி வன்ஸ்பால். பந்தைப் பறிப்பதும், உடனே எளிய பாஸ் கொடுத்து அடுத்தவருக்கு வழிவிடுவதும் அவர் வேலை. கோல் பட்டியலில் அந்தப் பெயர் அரிதாகவே வரும். பக்கவாட்டுத் தற்காப்பிலும் நடுக்களத்திலும் ஆடக்கூடிய அவர், இறுதிப்போட்டியில் தாப்பாவுக்குத் துணையாக நடுக்களத்தில் நின்றார். கையிலிருக்கும் அணியை நன்றாகப் படித்த பயிற்சியாளரை அடையாளம் காண, விருது வாங்கிய வால்ஸ்கிஸைவிட வன்ஸ்பாலைப் பார்ப்பது நல்லது.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் சென்னை மைதானத்தில் கோயன், தாப்பா, சாபியா, சாங்டே ஆகியோர் இரண்டாம் பாதியில் கோல் அடிக்க, லீக்கில் முதலிடம் பெற்ற கோவா 4–1 எனத் தோற்றது. கோவாவில் நடந்த மறு ஆட்டத்தில் சென்னை 2–4 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 6–5 என முன்னேறியது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளர் இன்றி ஃபடோர்டாவில் நடந்த இறுதிப்போட்டியில் ஏ.டி.கே. 3–1 என வென்றது. கோப்பை கிடைக்கவில்லை. ஆயினும் பிறர் சேர்த்த அணியைக் கொண்டு இந்தியக் கிளப் கால்பந்தில் நடந்த மீட்புகளில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

அவற்றில் ஒன்று அடுத்த சீசனிலேயே நடந்தது. 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைட்டெட் தன் ஸ்பெயின் பயிற்சியாளர் ஜெரார்ட் நூஸை நீக்கி, உதவியாளர் காலித் ஜமீலிடம் பொறுப்பைக் கொடுத்தது. அதுவரை 11 போட்டிகளில் 2 வெற்றி, 6 டிரா, 3 தோல்வி. காலித்தின் 9 லீக் போட்டிகளில் 6 வெற்றி, 3 டிரா, தோல்வியே இல்லை. 33 புள்ளிகளோடு மூன்றாம் இடம். 11 போட்டிகளில் 6 டிரா என்பதிலேயே ஒரு செய்தி இருந்தது. எளிதில் தோற்காத, ஆனால் ஆட்டத்தை முடிக்கத் தெரியாத அணி அது. புதிதாக வருபவருக்கு இதைவிடச் சாதகமான நிலை கிடைப்பது அரிது. உள்ளேயே இருந்த காலித்துக்கு யார் எதில் தேர்ந்தவர் என்று அறிமுகம் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக, தயாரிப்புக்கு முழு நேரமும் கிடைத்து, அவர் நடத்திய அணி பத்தாம் இடத்தில் முடிந்தது. 2012 மார்ச்சில் செல்சியின் உதவிப் பயிற்சியாளராக இருந்து பொறுப்பேற்ற ராபர்ட்டோ டி மட்டேயோ மே 19 அன்று முனிச்சில் சாம்பியன்ஸ் லீக்கை வென்றதும், நவம்பரில் பதவி இழந்ததும் இதே பாதையில் நடந்தவைதாம். கிடைத்ததை ஒழுங்குபடுத்தும் திறமையும், அடுத்த அணியைக் கட்டும் திறமையும் ஒருவரிடமே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மீட்பு நடக்காத இடங்களில் காரணம் பெரும்பாலும் அணிக்கும் புதியவருக்கும் உள்ள பொருத்தமின்மை. 1974-இல் டான் ரெவி விட்டுச்சென்ற சாம்பியன் அணியான லீட்ஸுக்கு வந்த பிரையன் கிளஃப் 44 நாட்களில் வெளியேறினார். வீரர்களிடம் தரம் குறைவில்லை. முந்தையவரின் மீதிருந்த விசுவாசத்தைப் புதியவரால் தன் பக்கம் திருப்ப முடியவில்லை. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு வந்த ரூபன் அமோரிம், நான்கு தற்காப்பாளர்களோடு ஆடுவதற்காகச் சேர்க்கப்பட்ட அணியை மூவர் தற்காப்புக்கு மாற்றினார். அணி 15-ஆம் இடத்தில் முடிந்தது. புதியவர் தன் முறையில் எவ்வளவு பிடிவாதமானவர் என்பதை அறியாமல், அவர் வெல்வாரா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

இதற்கு மறுபுறம் கோயம்புத்தூரில் இருக்கிறது. 2018-19 ஐ-லீக்கில் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் நடத்திய, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 43 புள்ளிகளோடு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனது. முந்தைய ஆண்டு பட்டியலின் கீழ்ப்பகுதியில் தத்தளித்த கிளப் அது. உள்ளூர்த் தமிழ் வீரர்களின் அடித்தளம் அப்படியே இருக்க, 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டியோ போன்றவர்களை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து முன்பகுதியை முற்றிலும் மாற்றினார்கள். தற்காப்பிலும் நடுக்களத்திலும் ஆட்கள் இருந்தார்கள், கோல் அடிக்க ஆள் இல்லை என்ற கணிப்பு சரியாக இருந்தது. வன்ஸ்பால் அந்தச் சாம்பியன் அணியிலிருந்துதான் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். ஒழுங்கு குறைந்த அணிக்குப் பயிற்சியாளர் போதும். ஆள் குறைந்த அணிக்கு அவரோடு ஆளும் வேண்டும். காயிலும் நவாஸும் ஒருவர் இடத்தில் மற்றவர் இருந்திருந்தால் அதே வெற்றி கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

சென்னையின் பின்வரலாறு இதை மேலும் தெளிவாக்குகிறது. காயில் 2020-இல் ஜாம்ஷெட்பூருக்குப் போனபோது வால்ஸ்கிஸும் கூடவே போனார். ஷெம்ப்ரி ஓய்வு பெற்றார். ஹங்கேரியின் சாபா லாஸ்லோ இறுதிப்போட்டி வரை சென்ற அணியின் பெயரை ஏற்றார், அதன் கோல்களை ஏற்கவில்லை. எஞ்சியிருந்த கிரிவெல்லாரோவும் காயத்தால் சீசன் பாதியில் விலகினார். 20 போட்டிகளில் 3 வெற்றி, 6 தோல்வி, 11 டிரா, எட்டாம் இடம். 6 தோல்வி மட்டுமே என்பதைப் பார்த்தால் லாஸ்லோவை மோசமான பயிற்சியாளர் என்று சொல்லத் தோன்றாது. கோல் அடிப்பவர் போனபின் அந்த இடம் சரியாக நிரம்பாததற்கு அவர் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குவது தகாது. அடுத்து வந்த போஜிதர் பாண்டோவிச்சும் ஜெர்மனியின் தாமஸ் பிரதாரிச்சும் அணியை எட்டாம் இடத்துக்கு மேல் கொண்டுசெல்லவில்லை. பாண்டோவிச் கோவாவிடம் 0–5 எனத் தோற்றபின் சீசன் முடியுமுன்பே அனுப்பப்பட்டார்.

காயில் ஜாம்ஷெட்பூரை 2021-22-இல் லீக் ஷீல்டு சாம்பியனாக்கிவிட்டு, 2023-இல் சென்னைக்குத் திரும்பினார். இம்முறை சீசனுக்கு முன்பே வந்தார். அணியைச் சேர்ப்பதில் அவர் கையும் இருந்தது. 2023-24-இல் 27 புள்ளியோடு ஆறாம் இடமும் பிளே-ஆஃபும் கிடைத்தன. மறு ஆண்டு 24 போட்டிகளில் அதே 27 புள்ளி. 13 அணிகளில் 11-ஆம் இடம். ஒரே மனிதர், ஒரே கிளப். பிறர் சேர்த்த அணியைக் கொண்டு இறுதிப்போட்டி. தான் சேர்த்த அணியைக் கொண்டு கீழ்ப்பகுதி. முதல்முறை அவருக்குக் கிடைத்தது தரமுள்ள, ஒழுங்கற்ற முன்வரிசை. இரண்டாம் முறை 15 கோல் அடிக்கும் ஒரு வால்ஸ்கிஸ் அவரிடம் இல்லை.

2025-இல் சென்னை கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டாவை நியமித்தது. அவர் பெயர் பரவியதும் பிறருடைய அணியால்தான். 2023 மார்ச்சில் ஜோசப் கொம்பாவ் விலகியபின் ஒடிசாவின் இடைக்காலப் பயிற்சியாளராகி, ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் பெங்களூருவை 2–1 என வென்று சூப்பர் கோப்பையை எடுத்தார். அந்த ஒடிசாவிடம் டியேகோ மொரிசியோ இருந்தார். இறுதிப்போட்டியின் இரு கோல்களும் அவருடையவை. சென்னையில் மிராண்டாவுக்குக் கிடைத்தது 11-ஆம் இடத்தில் முடிந்த அணி. அந்த அணிக்குக் குறைவு ஒழுங்கா ஆளா என்பதே அவர் பொறுப்பேற்ற நாளில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வியாக இருந்தது.